நாலாவது வரப்போகுது

கிட்ட வந்து உக்காருங்க அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாம், அது கால் ஆடும். இந்தக் கட்டில் ஓரத்துல உக்காருங்க. தள்ளி உக்காந்தா நான் கத்திக் கத்திப் பேசணும். மேல மெஷின் ஓடுதுல்ல, கேக்குதா? ‘உர்ர்... டிக், உர்ர்... டிக்’னு. அதேதான். அது ஓடி முடியட்டும், அப்புறம் மேல கூட்டிட்டுப் போய் வீட்டைக் காட்டறேன். ஓடறப்ப உள்ள போனா தூள் பறந்து தலையெல்லாம் அப்பிக்கும். நீங்க வேற தலைக்குக் குளிச்சுட்டு வந்திருக்கீங்க.

போர்டைப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க? அதை மாட்டி ரொம்ப நாளாச்சு. வராம இல்ல, எத்தனையோ பேரு வந்தாங்க. கேட் வரைக்கும் வருவாங்க, போர்டைப் பார்ப்பாங்க, கீழ குனிஞ்சு வாசல்ல இருக்கற கோலத்தைப் பார்ப்பாங்க, அப்படியே வண்டியைத் திருப்பிட்டுப் போயிருவாங்க. நான் ஜன்னல்ல இருந்து ‘ஏனுங்க, உள்ள வாங்க’ன்னு கூப்பிடறதுக்குள்ள தெருமுனையைத் தாண்டியிருப்பாங்க. கோலத்தை மிதிக்க மனசு வரலையோ என்னமோ. நல்ல மனுசங்க. காலெடுத்து வெச்சு உள்ள வந்தது நீங்க ஒருத்திதான்.

அதனால உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டேன். மேல இருக்கறவங்களை நான் காலி பண்ணச் சொல்லியிருக்கேன். ஏன்னு கேளுங்க.

குத்தம் சொல்ல முடியாத குடும்பம்தான். லோகநாதன்னு பேரு அவனுக்கு. பம்பு கம்பெனில கணக்குப் பாக்கறான். வாய் திறந்து ஒரு வார்த்தை கூடுதலாப் பேச மாட்டான். அவன் சம்சாரம் தாரணி. பள்ளிக்கூடம் போற ஒரு பாப்பா. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அந்த மெஷினைக் கொண்டு வந்து மொட்டைமாடி ரூம்ல வெக்கற வரைக்கும். சி.என்.சி.யாம். நம்ம ஊர்ல பட்டறைக்குப் பட்டறை இருக்கறது பீரோ கணக்கா பெருசு. இது அதுல பொடிசு, சாப்பாட்டு மேசை அளவுக்குத்தான். கம்ப்யூட்டர்ல படம் போட்டு விட்டா, அது பாட்டுக்கு இடம் வலம் போகும், முன்ன பின்ன போகும், மேல கீழ எறங்கும். பலகைல பூவு, சாமி, பேரு, என்ன கேட்டாலும் செதுக்கும். தொழிலுக்கு இல்லீங்க, ஆசைக்கு. சில பேரு புறா வளப்பாங்கல்ல, அந்த மாதிரி.

மூளைக்காரன் அவன். அதை ஒத்துக்கணும். மெஷின் ஓடறப்ப அவன் பக்கத்துலயே நிக்க மாட்டான்னா பாருங்களேன். கீழ வந்து என்கூட உக்காந்து சின்ன வெங்காயம் உரிப்பான்.

“ஏங்கண்ணு, நீ இங்க இருந்தா மேல மெஷினை யாரு பாக்கறது?”

“தாரணி பாத்துக்குவாங்கம்மா.”

அவ்வளவு பக்குவமா ஓட்டி வெச்சுட்டு வந்திருக்கான்! ஒரு பொம்பளைப் புள்ள சும்மா பக்கத்துல நின்னாப் போதும்கற அளவுக்கு. பாவம், அவன் பண்ற வேலைக்கு இவளுக்குத்தான் நகமெல்லாம் கிரீசு. கொண்டைல எந்நேரமும் ஒரு பென்சில். நான் கூடச் சொன்னேன், “கண்ணு, பூ வெக்கற எடத்துல பென்சில் வெக்கற, புருசன் மெஷினைக் கட்டிட்டு அழறதுக்கு நீயா கெடைச்சே?”ன்னு. அவ சிரிச்சுட்டே போயிட்டா. வெகுளி.

சரி, சத்தத்துக்கு வரேன். நான் மத்தியானம் சித்தெ நேரம் கண்ணு மூடற ஆளு. எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்தப்ப சங்கு ஊதினா எந்திரிச்சு, சங்கு ஊதினா படுத்த உடம்பு இது. காது அப்படி. எதிர் வீட்டுல குக்கர் விசில் வெச்சா எந்தப் பருப்பு வேகுதுன்னு சொல்லுவேன். அந்தக் காதுக்கு மேல இந்த மெஷின் ‘கொய்ங்ங்’னு இழுத்தா எப்படி இருக்கும்? பொறுத்தேன். ரொம்பப் பொறுத்தேன். ஒருநாள் முடிவு பண்ணி, சேலையை இழுத்துச் சொருகிட்டு, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்தர்றதுன்னு படியேறினேன்.

பாதிப் படி ஏறியிருப்பேன். மேல அவன் போன்ல பேசிட்டு இருக்கான்.

“ஆமாங்க, இப்ப மூணு இருக்கு. நாலாவதும் வேணும்னு தாரணிக்கு ரொம்ப நாள் ஆசை. வந்துட்டா எங்களுக்கு அது போதும்... வெயிட்டுதான். தாங்குமான்னுதான் பயமா இருக்கு... இல்லீங்க, வீட்டுக்காரம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

நான் அங்கயே நின்னுட்டேன். மூணு இருக்கு. அவன், அவ, பாப்பா. நாலாவது வரப்போகுது. எடுத்து வெச்ச காலை அப்படியே கீழ வெச்சேன். வாயும் வயிறுமா இருக்கற புள்ளையப் போய் வீட்டைக் காலி பண்ணுன்னு சொல்றதா? நானா? எங்கம்மா கேட்டா சுடுகாட்டுல இருந்து எந்திரிச்சு வந்து அடிப்பா.

அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவங்களுக்கு அரிசிம்பருப்பு ஆக்கி, கூட மாங்கா தொக்கும் வெச்சுக் கொடுத்தேன். மறுநாள் இனிப்புக்குக் கச்சாயம் சுட்டேன். பூக்காரி ருக்குமணிகிட்ட மட்டும் விசயத்தைச் சொன்னேன், யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. ருக்குமணிகிட்டச் சொன்னா தெரியுமே. பொழுது எறங்கறதுக்குள்ள தெருவே தாரணியப் பார்த்து “பாத்து நட கண்ணு, மெதுவா எறங்கு கண்ணு”ங்குது. அவ என்கிட்ட வந்து கேக்கறா, “நம்ம படி வழுக்குதாம்மா?”ன்னு.

நான் அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு மெதுவாக் கேட்டேன்.

“எப்ப கண்ணு வருது?”

அவ முகம் வெளுத்துப் போச்சு. “அவரு சொல்லிட்டாரா?”

“யாரு சொன்னா என்ன, காதுல விழுந்துச்சு.”

“உங்களுக்குக் கோவம் இல்லையாம்மா?”

“எனக்கென்னத்துக்குக் கோவம்?”

“இல்லம்மா, வந்தா சத்தம் இன்னும் கொஞ்சம் கூடும். அதான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

“அடிப் பைத்தியக்காரி! வந்தா சத்தம் இருக்கத்தானே செய்யும்? சத்தம் வரலைன்னாத்தானே பயப்படணும்? எவ்வளவு வேணாலும் சத்தம் போடட்டும். இது என் வீடு. எவ கேக்கறான்னு பார்த்தர்றேன்.”

அவளுக்குக் கண்ணே கலங்கிருச்சு அம்மிணி. இதுக்கு முன்னால இருந்த வீட்டுல எல்லாம் இந்த மெஷினாலதான் காலி பண்ணச் சொன்னாங்களாம். பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தை மாத்தி மாத்தி, இந்தப் பள்ளிக்கூடத்துலதான் அது அழாமப் போகுதாம். “நீங்களும் சொல்லிருவீங்களோன்னு தெனமும் பயந்துட்டே இருந்தேம்மா”ன்னு சொல்லிச் சட்டுனு என் கால்ல விழப் பார்த்தா. “குனியாதே, குனியாதே!”ன்னு நான் பதறிப் புடிச்சுட்டேன். அவ ஒரு மாதிரி என்னை உத்துப் பார்த்தா. அப்புறம் மெதுவா ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு என்னன்னு அன்னைக்கு எனக்குத் தெரியல. இன்னைக்கும் தெரியலீங்க. வெகுளிப் புள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துட்டே இருக்கும்.

கண்ணாடி வளையல் கூட வாங்கி வெச்சேன். ருக்குமணி பூவுக்குச் சொல்லி வெச்சுட்டா.

ஒரு நாள் காலைல வாசல்ல டெம்போ நிக்குது. மாடில இருந்து தாரணி ‘வந்துருச்சும்மா, வந்துருச்சு!’ன்னு கத்திட்டே ரெண்டு ரெண்டு படியாத் தாண்டிக் குதிச்சு வர்றா. “ஐயோ மெதுவா!”ன்னு நான் ஓட, பின்னால ருக்குமணி பூக்கூடையோட ஓட. அங்க ரெண்டு ஆளு ஒரு மரப்பெட்டியை மூச்சு முட்டத் தூக்கிட்டு நிக்கறாங்க.

பெட்டியைப் பிரிச்சா, இட்லித் தட்டு அகலத்துக்கு வட்டமா ஒரு இரும்புத் தட்டு. மேல கோடு கோடாப் பள்ளம். ஓரத்துல கறுப்பா ஒரு மோட்டாரு.

“இதுதாம்மா நாலாவது!”

“எது?”

“இடம் வலம் ஒண்ணு, முன்ன பின்ன ஒண்ணு, மேல கீழ ஒண்ணு. மூணு நம்ம மெஷின்ல இருக்கு. இது சுத்தறது. நாலாவது. ரோட்டரி டேபிள்மா. வந்ததும் மொதல்ல உங்களுக்குத்தான் காட்டணும்னு இருந்தேன்.”

ருக்குமணி என்னைப் பார்த்தா. நான் ருக்குமணியப் பார்த்தேன். வளையலை மடியில இருந்து எடுத்து, ஒண்ணும் தெரியாத மாதிரி அந்தப் பாப்பா கையில போட்டு விட்டுட்டு உள்ள வந்து படுத்துட்டேன்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? மாங்கா தொக்கு, கச்சாயம், வளையலு, எல்லாம் ஒரு இரும்புக்கு! மறுநாளே கூப்பிட்டுச் சொல்லிட்டேன், வீட்டைக் காலி பண்ணிக்கோங்கன்னு. லோகநாதன் தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். அவதான் பேசினா.

“சத்தம் போடட்டும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“நான் சொன்னது புள்ளைக்குடி!”

“எனக்கு இதுவும் அப்படித்தாம்மா.”

கேட்டீங்களா? அவன் வாங்கின இரும்புக்கு இவ தாயாகறா! புருசன் மேல அத்தனை பிரியம். எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் இளகிருச்சு, ஆனாச் சொன்ன சொல்லு சொன்னதுதான்னு நின்னேன். அப்ப அவ சொன்னா, “சரிம்மா. உங்களுக்கும் வீடு சும்மா கெடக்கக் கூடாது. நீங்க ஆளு பாருங்க. வீடு பிடிச்சுருக்குன்னு ஒருத்தரு உள்ள வந்து சொல்ற அன்னைக்கே நாங்க சாமானத்தைக் கட்டிடறோம். அதுவரைக்கும் இருந்துக்கறோம்.” நியாயமான பேச்சு. நான் தலையாட்டிட்டேன். போர்டு கூட அந்த மெஷின்லயே செஞ்சு கொடுத்துட்டாங்க. நீங்க பார்த்தீங்களே, தேக்குல ‘வீடு வாடகைக்கு’ன்னு, சுத்தி மாங்கா மாங்காயா வேலைப்பாடு. தன்னைத் தொரத்தற போர்டை இவ்வளவு அழகாச் செய்ய அவனுக்கு எப்படி மனசு வந்துச்சோ.

அப்புறம் அந்த நாலாவது ஓட ஆரம்பிச்சுது. பலகைன்னா தட்டையா வெச்சுச் செதுக்கிரலாம். குழாயை எப்படிச் செதுக்கறது? ஒரு பக்கம் துளை போட்டுக் கையால திருப்பி வெச்சா அடுத்த துளை தள்ளிப் போயிரும். இந்தத் தட்டு குழாயைக் கவ்வித் துளித் துளியாத் தானே திருப்பிக் கொடுக்குது. தீயில சோளக்கருது வாட்டறவன் இத்தனூண்டு இத்தனூண்டாத் திருப்புவான் பாருங்க, அந்த மாதிரி. இதெல்லாம் தாரணி சொன்னதுதான். புருசன் சொன்னதை அப்படியே மனப்பாடமா வெச்சிருக்கா.

ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. முன்ன ‘கொய்ங்’னு ஒரே இழுப்பு, அதுலயாவது பழகிக்கலாம். இது உர்ர், டிக், உர்ர், டிக்னு போயிட்டே இருக்கும். ஒரு முழுச் சுத்து முடியற எடத்துல மட்டும் ‘க்ளுக்’னு ஒரு விக்கல். தெனமும் அதே எடத்துல. நான் கண்ணை மூடிட்டு அந்த விக்கலுக்காகக் காத்துட்டு இருப்பேன். வந்தாலும் தூக்கம் வராது, வரலைன்னாலும் வராது. படியேறிப் போய்ச் சத்தம் போட்டேன்.

“உங்க இரும்புக்கு விக்கல் எடுக்குது! சுத்து முடியறப்ப ‘க்ளுக்’குங்குது. என் உசுரு போகுது!”

தாரணி கையில வெச்சிருந்த குழாயைக் கீழ போட்டுட்டா. “சுத்து முடியற எடத்துலயாம்மா? நல்லாத் தெரியுமா?”

“என் காதுக்குத் தெரியாதா?”

“அதான் பூவு பாதி இதழோட நிக்குதா!”ன்னு ஒரு கத்து. ரெண்டு மூணு வாரமா அந்தக் குழாயில ஒரு சுத்து முடிஞ்சு அடுத்த சுத்து தொடங்கற எடத்துல கோலம் சேரவே இல்லையாம். கம்ப்யூட்டர்ல தேடியிருக்காங்க, படத்துல தேடியிருக்காங்க. பார்த்தா, மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கற பெல்ட்டு லொடலொடன்னு கெடந்து, ஒரு பல்லு தாவுதாம். அவனைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லலாம்னு பார்த்தா, பயபுள்ள அவன் கீழ எங்க வீட்டுல பூண்டு உரிச்சுட்டு இருக்கான். பொறுக்காம இவளே ஸ்பேனரை எடுத்து இறுக்கிட்டா. விக்கல் நின்னுருச்சு. நான் குத்தம் சொல்லப் போனேன், அவ என் கன்னத்தைப் புடிச்சுக் கொஞ்சறா! சண்டை போடக் கூட விடமாட்டேங்கறாங்க அம்மிணி.

அதுல மொதல் மொதலா வந்த குழாய்தான் கோலக்குழாய். கடைல விப்பாங்களே, உள்ள மாவு போட்டு உருட்டினா தரையில கோலம் விழும். இது பெருசு. ஒரு சுத்து உருட்டினா ஓரமெல்லாம் கொடியும் பூவும், நடுவுல எழுத்து. நம்ம மாகாளியம்மன் நோன்பிக்கு, சாமி ஊர்வலம் வர்ற அன்னைக்கு, கோயில்ல இருந்து நம்ம கேட் வரைக்கும் தாரணி உருட்டிட்டு வந்தா. ‘நல்வரவு’ன்னு வரணும். வந்துச்சு. ஆனா எல்லா எழுத்தும் இடம் வலமாத் திரும்பிக் கெடக்குது! கண்ணாடி வெச்சுப் பார்த்தாத்தான் படிக்க முடியும். குழாயில நேரா இருந்தா தரையில திரும்பித்தான் விழுமாம். நம்ம ரப்பர் ஸ்டாம்பு இல்லையா, அந்தக் கணக்கு. தெருவே சிரிச்சுது. சாமி தூக்கிட்டு வந்தவங்க சிரிச்சு, சாமியே ஆடிருச்சு. நான் மூணாங்கிளாசு. நேரா இருக்கற எழுத்தையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அன்னைக்கோட அந்தக் குழாய் எழுத்தைப் பார்க்கறதையே விட்டுட்டேன். எதுக்குக் கண்ணை நோகடிக்கணும்?

அவ விடல. தெனமும் காலைல வாசல் தெளிச்சு, கேட்டுக்கு நேரா ஒரே ஒரு உருட்டு. நோன்பி முடிஞ்ச கொஞ்ச நாள்ல புதுசா வேற குழாய் செஞ்சிருக்கா. “என்ன கண்ணு எழுதியிருக்கு?”ன்னு கேட்டா, “வர்றவங்களுக்கு ரெண்டு நல்ல வார்த்தைம்மா”ங்கறா. அவன் மெஷினோட மாரடிக்கட்டும், இவளுக்குத் தெரிஞ்சது இந்தக் கோலம் ஒண்ணுதான்.

போன மாசம் உடுமலைக்கு அவங்கம்மா வீட்டுக்குப் போனாங்க. அப்பாடா, நிம்மதியாத் தூங்கலாம்னு படுத்தேன். கண்ணு மூடினாத்தானே! வீடு கம்முனு கெடக்குது. பல்லி கத்தறது கேக்குது. என்ன எழவுடான்னு மிக்சியக் காலியா ஓட விட்டுட்டுப் படுத்துப் பார்த்தேன், ஜாரு சூடாகிக் கருகல் நாத்தம் வந்துருச்சு. அதுக்கும் அவங்கதான் காரணம். மனுசியோட பழக்கத்தைக் கெடுத்துட்டு ஊருக்குப் போனா? வந்தொடனே சொன்னேன், ‘இனிமே போறதா இருந்தா அதை ஓட விட்டுட்டுப் போங்க’ன்னு.

அதனால சொல்றேன் அம்மிணி, காலி பண்ணச் சொன்னதுக்குக் காரணம் அவங்க பண்ற... என்ன அப்படி மறுபடி சிரிக்கறீங்க? வர்றப்பவும் கேட் பக்கத்துல நின்னு சிரிச்சீங்க.

கோலமா? எழுத்து நேராத்தான் இருக்கா? திரும்பியில்லையா? அப்ப படத்தைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்காங்க போல. என்ன எழுதியிருக்கு?

‘வீடு காலி’ன்னா?

பார்த்தீங்களா! போர்டு பத்தாதுன்னு தரையிலயும் எழுதி எனக்கு ஆளு சேர்த்திருக்கா. நான் சொன்னேன்ல, வெகுளின்னு. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?

என்னது? அதுக்கப்புறமும் ஏதோ இருந்துச்சா? தண்ணி கேன் ஆட்டோ அது மேல ஏறி அழிஞ்சு கெடக்கா? சரி, மீதி என்ன தெரியுது? மொதல்ல ஒரு ‘இ’... கடைசில ‘லை’...

வீடு... காலி... இ...

அடிப்பாவி.

அதான் எல்லாரும் குனிஞ்சு பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்களா! நான் ஜன்னல்ல உக்காந்து நல்ல மனுசங்க நல்ல மனுசங்கன்னு...

இருங்க. மெஷின் நின்னுருச்சு. படியில செருப்புச் சத்தம். அவதான், அவன் நடந்தா இப்படிக் கேக்காது. கையில குழாய். கொண்டைல பென்சில். வாசப்படில நின்னு உங்களைப் பார்க்கறா, உங்க கைப்பையைப் பார்க்கறா. மூஞ்சில ஒரு சொட்டு ரத்தம் இல்ல பாருங்க. ஆனா குரலைக் கேளுங்க, பச்சத் தண்ணி மாதிரி.

“அம்மா, ஆட்டோக்காரரு கோலத்தை மிதிச்சுட்டாரு. சரி பண்ணிட்டு வந்தர்றேன்.”

நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னுதான் வாயைத் திறந்தேன் அம்மிணி. என்ன வந்துச்சுன்னு நீங்களே கேட்டீங்கல்ல?

“மாவு பத்தலைன்னா நம்ம டப்பால எடுத்துக்கோ கண்ணு.”

கொஞ்சம் இப்படித் தள்ளி வாங்க, ஜன்னல்ல தெரியும். பாருங்க அவளை. புறங்கைய வெச்சுக் கண்ணைத் தொடச்சுக்கறா, மாவு ஒட்டிருச்சு மூஞ்சில. டயரு தடத்தைச் சேலைத் தலப்புல நீவி விடறா. குழாயைப் பாதிச் சுத்துல நிறுத்தி, கண்ணைச் சுருக்கி அளவு பார்த்து, ‘காலி’ முடியற எடத்துல பூ மாதிரி வெக்கறா. உருட்டறா. ஒரு சாண் தூரம், அவ்வளவுதான்.

‘இல்லை’.